டச் கண்ணாடியில் கரண்ட் ஓடுகிறது, வெள்ளைப் பெயிண்டில் ஏன் ஓடவில்லை?

மே 28, மாலை (கேள்வி)
ஆக்சைடு என்றால் மின்சாரம் கடத்தாது என்றுதான் பள்ளியில் சொன்னார்கள். துரு, சுண்ணாம்பு, பீங்கான் எல்லாம் ஆக்சைடுதான். போன் டச்சில் பூசியிருப்பதும் இண்டியம் ஆக்சைடு, அதில் கொஞ்சம் வெள்ளீயம் கலந்ததால் உலோகம் மாதிரி கடத்துகிறது என்று நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. உள்ளே இருக்கும் வெள்ளீயம் கடத்துகிறது, அவ்வளவுதான். வாங்கிய காசுக்கு சாலிட்டான பதில் வேண்டும்.

மே 28, இரவு 10.40
காசு எதுவும் வாங்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

வெள்ளீயம் அங்கே உலோகமாக இல்லை. இழை இழையாக உலோகம் ஓடியிருந்தால் கண்ணாடி சாம்பல் பூத்துப் போயிருக்கும். நடப்பது வேறு. இண்டியம் ஆளுக்கு மூன்று எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடும். யாரிடமும் மிச்சம் இல்லை, அதனால் ஓடுவதற்கும் ஆள் இல்லை. அதே இருக்கையில் வெள்ளீயம் வந்து உட்கார்ந்தால் அதனிடம் கொடுக்க நாலு இருக்கிறது. வாங்குகிற ஆக்சிஜன் மூன்றோடு கையை மூடிவிட்டது. நாலாவது எலக்ட்ரானுக்கு வீடு கிடையாது. அது மேலே காலியாகக் கிடக்கும் கடத்துப் பட்டையில், அதாவது எலக்ட்ரான் இஷ்டத்துக்கு ஓடக்கூடிய ஆற்றல் மாடியில், ஏறிச் சுற்றுகிறது. எடையில் பத்தில் ஒரு பங்கு வெள்ளீய ஆக்சைடு சேர்ப்பார்கள். நல்ல பூச்சின் மின்தடை எண் செம்பைவிட நூறு மடங்குதான் அதிகம். ஆக்சைடு என்ற சாதிக்கு இது பெரிய விஷயம்.

கண்ணாடி மாதிரி தெரிவதற்கும் கணக்கு இருக்கிறது. சுற்றுகிற எலக்ட்ரான்கள் செம்பில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு. இவ்வளவு குறைவான கூட்டத்தால் அகச்சிவப்பைத்தான் திருப்பி அடிக்க முடியும். கண்ணுக்குத் தெரிகிற ஒளியை விட்டுவிடுகிறது.

இன்று மதியம் கடைக்கு ஒரு பழைய ஜிபிஎஸ் பெட்டி வந்தது. அழுத்தினால் வேலை செய்கிற பழைய ரெசிஸ்டிவ் டச். உடைந்த மேல் தகட்டைப் பிரித்து மீட்டரை இரண்டு ஓரத்தில் வைத்தேன். நானூற்றுச் சொச்சம் ஓம். திருப்பிப் போட்டால் ஒன்றும் இல்லை. பூச்சு ஒரு பக்கம்தான்.

மே 29, காலை
"அப்படியென்றால் எந்த ஆக்சைடிலும் ஒரு எலக்ட்ரான் கூடுதலாக வைத்திருக்கும் அணுவைப் போட்டால் உலோகம் ஆகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட ஆமாம்.

மே 31
மேலே "கிட்டத்தட்ட ஆமாம்" என்று எழுதியது தப்பு. கடையில் கூட்டம், அவசரத்தில் அடித்தது. அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

நம் பக்கத்துப் பொருளையே எடுத்துக்கொள்ளலாம். மணவாளக்குறிச்சியிலிருந்து சவறை வரை கடற்கரையில் கிடக்கும் கறுப்பு மணல் பெரும்பாலும் இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. அதிலிருந்துதான் வெள்ளைப் பெயிண்டுக்கான டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கிறார்கள். திருவனந்தபுரம் கொச்சுவேளியில் 1946-இல் தொடங்கிய டிராவன்கூர் டைட்டானியம் அதைச் செய்வது கந்தக அமிலத்தில், வருவது அனடேஸ் வகை. சவறையில் கேரள அரசின் கேஎம்எம்எல் நிறுவனம் செய்வது குளோரைடு முறையில், வருவது ரூட்டைல் வகை. இரண்டுக்கும் ஒரே வாய்பாடு, TiO₂. அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. இரண்டும் வெள்ளை, இரண்டும் கடத்தாது. வெளிச்சுவருக்கு ரூட்டைல் போடுவார்கள். அனடேஸ் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி உதிரும்.

டைட்டானியம் நாலு கொடுக்கும். நியோபியம் ஐந்து கொடுக்கும். நான் சொன்ன விதிப்படி நியோபியம் போட்டால் இரண்டும் உலோகம் ஆக வேண்டும். அனடேஸ் ஆகிறது. ஜப்பானில் 2005-இல் செய்து காட்டினார்கள். சில சதவீதம் நியோபியம் போட்ட அனடேஸ் படலம் டச் கண்ணாடிப் பூச்சுக்குப் பக்கத்தில் வருகிற அளவுக்குக் கடத்தியது, ஒளியையும் விட்டது. ரூட்டைலில் அதே நியோபியத்தைப் போட்டால் அந்தப் பேச்சே இல்லை. கடத்தும், ஆனால் தத்தித் தத்தி. சூடு கொடுத்தால்தான் எலக்ட்ரான் நகரும்.

காரணம் மண்டைக்காடு கடற்கரையில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அலை நனைத்த ஈர மணலில் வண்டி சர்ரென்று போகும். நாலடி மேலே காய்ந்த மணலில் ஏற்றினால் சக்கரம் தன் எடையிலேயே குழி பறித்து அதிலேயே உட்கார்ந்துவிடும். ரூட்டைலில் எலக்ட்ரான் தன்னைச் சுற்றியிருக்கும் அணுக்களை இழுத்து நெளித்துத் தனக்கே குழி வெட்டிக்கொள்கிறது. போலரான் என்று பெயர். அனடேஸ் ஈர மணல்.

ஆக, டோப்பிங் (இப்படி வேறு அணுவைக் கொஞ்சம் கலப்பது) ஆளைக் கொண்டுவந்து இறக்கும். அவர் ஓடுவாரா, புதைவாரா என்பது இறங்கிய இடத்தைப் பொறுத்தது. 29-ஆம் தேதி இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 1
இன்னொரு மூலையிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது: எலக்ட்ரானைச் சேர்ப்பதற்குப் பதில் எடுத்தால்?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளும். நிக்கல் ஆக்சைடில் எலக்ட்ரான் இருக்கும் பட்டை முழுதாக நிரம்பவில்லை, ஓட இடம் இருக்கிறது. பாடப்புத்தகக் கணக்குப்படி அது உலோகமாக இருந்தாக வேண்டும். கையில் எடுத்தால் பச்சைப் பொடி, சுத்தமாகக் கடத்தாது. 1937-இல் பிரிஸ்டல் கூட்டத்தில் டி போயர், வெர்வே என்ற டச்சு ஆய்வாளர்கள் இதைச் சொல்லிப் பட்டைக் கோட்பாட்டுக்காரர்களைத் தர்மசங்கடத்தில் விட்டார்கள். மாட் என்ற இயற்பியலாளர் அதற்கு விளக்கம் தேடப் போய், இந்த வகைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. மாட் காப்பான் (காப்பான் என்றால் மின்சாரம் கடத்தாத பொருள்).

களியக்காவிளையில் ஓண சமயத்தில் லாரிகள் முட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் அசைய முடியாது. நடுவில் ஒரு லாரியைப் பக்கத்து ரோட்டுக்குத் திருப்பிவிட்டால் ஒரு இடைவெளி வரும். பின்னாலிருப்பவர் அதில் ஏறுவார், இடைவெளி பின்னால் போகும். லாரிகள் கேரளாவுக்குப் போக, இடைவெளி நாகர்கோவிலுக்கு வரும். எலக்ட்ரான் எடுத்த இடத்தில் வரும் அந்த இடைவெளிக்குத்தான் துளை என்று பெயர்.

ஜூன் 1, இரவு
லாரி ஓட்டுகிற நண்பர் ஒருவர் திட்டியிருக்கிறார். "முன்னால் இடமே இல்லாமல் நிற்பது வேறு, இடம் இருந்தும் போகாமல் நிற்பது வேறு. நீங்கள் சொல்லும் நிக்கலில் இடம் இருக்கிறதே?" என்கிறார்.

சரிதான். லாரி உவமை நிரம்பிய பட்டைக்குத்தான் பொருந்தும். மாற்றிச் சொல்கிறேன். ஒரு லாட்ஜ். எல்லா அறையிலும் இரண்டு கட்டில், ஒரே ஒரு ஆள். பக்கத்து அறையில் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே அறையில் இருவர் இருந்தால் அடிதடி. அந்தச் சண்டைச் செலவு நகர்வதால் வரும் லாபத்தைவிட அதிகம். அதனால் ஆளாளுக்குத் தன் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு ஆளைக் காலி செய்துவிட்டால், முழுக்காலி அறை ஒன்று கிடைக்கும். இனிச் சண்டையில்லாமல் நகரலாம்.

நிக்கல் ஆக்சைடில் அந்தக் காலி அறையை உண்டாக்க லித்தியம் போட வேண்டும். நிக்கல் இரண்டு கொடுக்கும் இடத்தில் லித்தியத்தால் ஒன்றுதான் கொடுக்க முடியும். பற்றாக்குறைக்குப் பக்கத்து நிக்கல் ஒன்று மூன்றாவதை இழக்கும். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் வெர்வேயும் கூட்டாளிகளும் இதைத்தான் செய்தார்கள். பச்சை கறுப்பாகும், மின்தடை பல கோடி மடங்கு விழும். ஆனாலும் உலோகம் ஆகாது! காலி அறை லித்தியத்தின் வாசலையே சுற்றிக்கொண்டிருக்கும். மறுபடியும் காய்ந்த மணல்.

அதே காலி அறை லந்தனம் செம்பு ஆக்சைடில் அவிழ்ந்து ஓடுகிறது. லந்தனத்தின் இடத்தில் கொஞ்சம் ஸ்ட்ரான்ஷியமோ பேரியமோ போட்டால் போதும். செம்பு அணு இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் துளை வந்ததும் குளிரில் மின்தடையே காணாமல் போகிறது. சூரிச் பக்கத்தில் ஐபிஎம் கூடத்தில் பெட்நார்ட்ஸும் முல்லரும் 1986-இல் பேரியம் போட்டுப் பார்த்தது இதுதான், மறுவருடமே நோபல்.

 

ஜூன் 4
என் மாமா மணல் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தவர். இந்த இழையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மக்ளே, ரூட்டைல் கடத்தாதுன்னு எவன் சொன்னான்? எங்களுக்கு அது கண்டக்டர்" என்றார்.

விஷயம் இது. மணலைப் பிரிக்க ஒரு உருளை சுற்றிக்கொண்டிருக்கும். மேலே மெல்லிய கம்பியில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். சூடாக்கிக் காயவைத்த மணல் உருளைமேல் விழும்போது ஒவ்வொரு மணியும் மின்னேற்றம் வாங்கிக்கொள்ளும். கடத்துகிற மணி அதை உடனே உருளையிடம் கொடுத்துவிட்டுத் தூரமாகத் தெறிக்கும். கடத்தாதது உருளையோடு ஒட்டிக்கொண்டே போகும், அடியில் பிரஷ் வைத்துத் தள்ளுவார்கள். இல்மனைட், ரூட்டைல் கண்டக்டர் பக்கம். சிர்க்கான், மோனசைட், கார்னெட் நான்-கண்டக்டர் பக்கம். "மழைக்காலத்துல ஈரம் ஏறிச்சின்னா எல்லாம் கண்டக்டர், வேலை நாறிரும்" என்பது மாமாவின் கூடுதல் குறிப்பு.

யோசித்தால் பொருந்துகிறது. ஆலையில் செய்த ரூட்டைல் வெள்ளை. கடற்கரையில் கிடைக்கும் ரூட்டைல் சிவந்த பழுப்பு, சிலது கறுப்பு. இரும்பும் நியோபியமும் மலையிலிருந்த காலத்திலேயே உள்ளே ஏறியிருக்கும். இயற்கையே டோப் செய்து அனுப்பியிருக்கிறது. அப்படியென்றால் நம் கடற்கரை ரூட்டைல் உலோகம்தானே?

ஜூன் 5
இல்லை. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அந்த உருளைக்கு உலோகம் தேவையே இல்லை. மணி உருளைமேல் இருக்கிற ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மின்னேற்றம் கசிந்தால் போதும், "கண்டக்டர்" பட்டம் கிடைத்துவிடும். காலையில் மாமா தந்த ரூட்டைல் மணிகளில் கொஞ்சம் எடுத்து லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாக மீட்டர் முனையால் தொட்டேன். இருபது மெகா ஓம் வரை போகிற மீட்டர். ஒன்றிலும் முள் அசையவில்லை. (டிஜிட்டல் மீட்டர்தான். முள் என்பது பழக்க தோஷம்.)

ஆலைக்காரர் சொல்லும் கண்டக்டர் வேறு, இயற்பியல்காரர் சொல்லும் உலோகம் வேறு. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூன் 8
மழை பிடித்துவிட்டது. கடையில் ஆள் இல்லை. ஒரு பழைய கதை.

எம்எஸ்சி முடித்து, எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஒரு ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். முடிக்கவில்லை, அதை விடுங்கள். முதல் வேலையாக லந்தனம் ஸ்ட்ரான்ஷியம் செம்பு ஆக்சைடு வில்லை செய்யச் சொன்னார்கள். லந்தனம் ஆக்சைடு, ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட், செம்பு ஆக்சைடு மூன்றையும் எடைபோட்டு, அகேட் கல்வத்தில் அரைத்து, உலையில் போட்டு, மறுபடி அரைத்து, அழுத்தி, மறுபடி உலை. நாட்டு மருந்துக்காரன் பஸ்பம் போடுவது மாதிரிதான். கைவலி ஒன்றே.

கறுப்பாக, அழகாக ஒரு வில்லை வந்தது. நாலு இடத்தில் வெள்ளிப் பசை வைத்துக் கம்பி ஒட்டி, திரவ நைட்ரஜனில் இறக்கினேன். உலோகம் என்றால் குளிரக் குளிர மின்தடை குறைய வேண்டும். அதுதான் பரீட்சை. மீட்டர் பீப் அடிக்கிறதா என்பது இல்லை. எனக்கு அது ஏறிக்கொண்டே போனது. இரண்டாவது வில்லையும் அப்படியே. கைடு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

குற்றவாளி புட்டிதான். லந்தனம் ஆக்சைடு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து ஹைட்ராக்சைடு ஆகிவிடும். இடவப்பாதி மழையில், மூடி சரியாக இறுகாத புட்டியில், மாதக்கணக்கில் இருந்த பொடி. முழுதாக மாறியிருந்தால் எடை ஆறில் ஒரு பங்கு கூடியிருக்கும். நான் லந்தனம் என்று நினைத்து எடைபோட்டதில் பதினான்கு சதவீதம் வரை தண்ணீர்! ஸ்ட்ரான்ஷியம் விகிதம் கெட்டு, ஏதேதோ வேறு சேர்மங்கள் கலந்து, வில்லை குப்பையாகியிருந்தது. எடைபோடும் முன் அந்தப் பொடியை 900, 1000 டிகிரியில் வாட்டிச் சூட்டோடு எடுக்க வேண்டும். இதை ஒரு சீனியர் போகிற போக்கில் சொன்னார், "அறியில்லே?" (தெரியாதா?) என்று. மூன்றாவது வில்லையில் மின்தடை கீழே இறங்கியது. 77 கெல்வினுக்குக் கீழே போக எங்களிடம் திரவ ஹீலியம் இல்லை, அதனால் மீகடத்தலை, அதாவது மின்தடை காணாமல் போவதை, கண்ணால் பார்க்கவில்லை. இறங்குகிற கோட்டைப் பார்த்ததற்கே அன்று பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 9
நேற்றையதற்கு ஒரு வால். அந்த லந்தனம் எங்கிருந்து வருகிறது? மோனசைட்டில் இருக்கிறது. மோனசைட் எங்கே? மணவாளக்குறிச்சி மணலில். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர் திருவிதாங்கூர் கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். அப்போது அவர்களுக்கு லந்தனம் குப்பை. வேண்டியது தோரியம், கேஸ் விளக்கு மேண்டிலுக்கு.

மேண்டிலும் டோப்பிங் சமாசாரம்தான்! சுத்தமான தோரியம் ஆக்சைடு சூடானால் மங்கல் வெளிச்சம். நூறுக்கு ஒன்று சீரியம் ஆக்சைடு சேர்த்தால் கண் கூசும் வெள்ளை. கோயில் கொடைக்கும் பெருநாளுக்கும் பெட்ரோமாக்ஸ் தூக்கிப் போனவர்கள் எல்லாம் ஒரு சதவீத டோப்பிங்கைத் தலையில் சுமந்தவர்கள். இது உலோகக் கதை இல்லை, தெரியும்.

ஜூன் 12
குளிர வைத்துப் பார்ப்பதுதான் பரீட்சை என்றேன் அல்லவா? "உங்கள் டச் கண்ணாடியை அப்படிச் சோதித்தீர்களா?" என்று முதலில் கேட்டவரே மடக்கிவிட்டார். சோதித்தேன், பக்கத்து ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசரில். அண்ணாச்சி "உள்ள என்னடே வைக்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இரண்டு பொருள் வைத்தேன். ஒன்று அந்த ஜிபிஎஸ் கண்ணாடி, இன்னொன்று பழைய பேட்டரியிலிருந்து கழற்றிய என்டிசி தெர்மிஸ்டர், அதாவது குளிர்ந்தால் மின்தடை ஏறுகிற வெப்ப உணரி. அதுவும் ஆக்சைடுதான், மாங்கனீசும் நிக்கலும் கலந்தது. அறை வெப்பத்தில் எட்டாயிரம் ஓம் காட்டியது, அரை மணி நேரத்தில் அறுபதாயிரத்தைத் தாண்டியது. தத்தி நடக்கிற எலக்ட்ரானின் கையெழுத்து அது.

கண்ணாடி? நாலைந்து ஓம் குறைந்த மாதிரி இருந்தது. செம்புக் கம்பி என்றால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். இங்கே ஏன் இவ்வளவு கொஞ்சம் என்றால், எலக்ட்ரானைக் கொடுத்த வெள்ளீயமே வழியில் கல்லாகவும் கிடக்கிறது. அணுக்களின் ஆட்டம் குளிரில் அடங்கினாலும் அந்தக் கல் அங்கேயே இருக்கும். இது நல்ல விளக்கம். ஆனால் என் அளவீட்டை வைத்து இதை நிரூபித்ததாகச் சொல்ல மாட்டேன். கதவைத் திறந்ததும் கண்ணாடிமேல் பனித்துளி பூத்துவிட்டது, முனையும் வழுக்கியது. தெர்மிஸ்டர் வித்தியாசம் மட்டும் யாராலும் மறுக்க முடியாதது.

ஜூன் 15
எவ்வளவு கலக்க வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரே அளவு கிடையாது, வித்தியாசம் அசரவைக்கும். சிலிக்கானில் பாஸ்பரஸ் பதின்மூவாயிரத்துக்கு ஒன்று என்று போனால் அதுவும் உலோகம்தான். ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டுக்கு லட்சத்துக்கு ஒன்றுகூட வேண்டாம். அதன் மின்காப்பு மாறிலி (உள்ளே மின் இழுவையை எத்தனை மடங்கு மழுக்குகிறது என்ற எண்) அறை வெப்பத்திலேயே முந்நூறு, குளிரில் இருபதாயிரத்தைத் தாண்டும். கொடுத்த அணு எலக்ட்ரானைப் பிடித்து வைக்கிற இழுவையே மழுங்கிவிடுகிறது. ஒரு காலத்தில் போலி வைரமாக விற்ற கல் அது. 1964-இல் அதிலேயே மீகடத்தல் பார்த்தார்கள், ஒரு கெல்வினுக்கும் கீழே. எதிர்முனையில் டங்ஸ்டன் ஆக்சைடு. அதில் சோடியம் நாலுக்கு ஒன்று வரை போனால்தான் உலோகம். அதற்கு மேல் ஏற்ற ஏற்ற நீலம், ஊதா, சிவப்பு, கடைசியில் தங்க நிறம். வோலர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1820-களிலேயே அந்தத் தங்கப் பொடியைச் செய்துவிட்டார். மார்த்தாண்டத்து நகைக்கடைக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், உரைகல்லில் நிற்காது.

இன்னொன்று, வனேடியம் ஆக்சைடு (V₂O₃). அறை வெப்பத்தில் அதுவே உலோகம். ஒரு சதவீதம் குரோமியம் போட்டால் காப்பான் ஆகிவிடும். குரோமியமும் மூன்றுதான் கொடுக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. படிகத்தைக் கொஞ்சம் நெகிழ்த்திவிடுகிறது, அணுக்களுக்கு நடுவே நகர்வது கடினமாகி லாட்ஜ் கதவுகள் சாத்திக்கொள்கின்றன. 28-ஆம் தேதி நான் எழுதிய "நாலாவதுக்கு வீடு இல்லை" விளக்கத்தில் இதற்கு இடமே இல்லை.

ஜூன் 16
மீட்டர் ஒன்றும் காட்டவில்லை என்று உங்கள் உடைந்த போன் கண்ணாடிப் படத்தைப் போட்டு, "ஆக்சைடு கடத்தாது, நிரூபித்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது கெப்பாசிட்டிவ் டச். பூச்சு இரண்டு தகட்டுக்கு நடுவே ஒட்டி மூடிக் கிடக்கும், முனை அங்கே போகாது. பழைய கால்குலேட்டரின் எல்சிடி இருந்தால் எடுங்கள். ஓரத்தில் ஒரு கண்ணாடி மற்றதைவிடக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்பைச் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய கோடுகள் தெரியும். ஒரே கோட்டில் இரண்டு முனையையும் வையுங்கள், அழுத்திக் கீற வேண்டாம்.